பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னை துரைப்பாக்கத்துக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகன் நான்காம் வகுப்பு. 74 வயது மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார். மூன்று பிளாக் உள்ள வளாகத்தில் ஒன்பதாவது மாடி, வாடகை வீடு. இங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. பால்கனியில் துணி காயப்போட்டால் அசோசியேஷனிலிருந்து மெசேஜ் வருகிறது. தண்ணீர் உப்பு, முடி கொட்டுகிறது. மேல்வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு நாற்காலியை இழுக்கிறார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மாமனார் ஒருமுறை கீழே போய்விட்டு வரும்போது வேறு பிளாக்கில் யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டார். அதிலிருந்து, பாதுகாப்புக்காக, காலை ஒன்பதுக்குக் கிளம்பும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறோம். ஊரிலிருந்து கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டு கைகொடுத்தது. கேஸையும் மூடிவிடுவேன், சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கும். மகன் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் கிளப் ஹவுஸில் உள்ள டே கேரில் இருப்பான். ஆறே முக்காலுக்கு நான் வந்து கூட்டிக்கொள்வேன். இந்த ஃபிளாட் வாழ்க்கை எனக்கு எப்போதுதான் பழகும்?
– பெயர் வேண்டாம், துரைப்பாக்கம்

பதில்: துணி, தண்ணீர், நாற்காலி எல்லாம் பிறகு. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு பூட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

ஒன்பது மணியிலிருந்து ஆறே முக்கால் வரை, ஒன்பதே முக்கால் மணி நேரம், 74 வயது மனிதர் ஒருவர் ஒன்பதாவது மாடியில் வெளியே போக வழியில்லாமல் இருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள். பாதுகாப்பு என்கிறீர்கள். யாருக்கு? திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுதான், 2019இல் புவிசார் குறியீடே வாங்கியது. கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் போடுகிற பூட்டு அது, உள்ளே ஆள் இருக்கும் கதவுக்குப் போடுவதில்லை.

நடக்கக்கூடியதைச் சொல்கிறேன், கேளுங்கள். ஏழாவது மாடியில் யார் வீட்டிலோ ஏசி வயர் பற்றிப் புகை கிளம்புகிறது என்று வையுங்கள். லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். செக்யூரிட்டி படியேறி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். உங்கள் கதவில் வெளியே பூட்டு தொங்குவதைப் பார்த்தால் ஆள் இல்லாத வீடு என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டாலும், அந்தக் கூச்சலில் கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் சாவி துரைப்பாக்கம் சிக்னலில் உங்கள் கைப்பையில் இருக்கும். தீ வேண்டாம், குளியலறையில் கால் வழுக்கினாலே போதும். 108 வந்துவிடும், வந்து கிரில் கதவுக்கு வெளியே நிற்கும்.

ஒருவரை அவர் விருப்பமில்லாமல் வெளியே போக முடியாதபடி அடைத்துவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பெற்ற மகன் வீடு என்று அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் எழுதவில்லை. உங்கள் மாமனார் புகார் கொடுக்கமாட்டார். அந்தத் தலைமுறை கொடுக்காது. அந்தத் தைரியத்தில்தான் பூட்டு தொங்குகிறது.

சரி, அவர் கதவு மாறித் தட்டியது ஏன் என்று யாராவது அவரைக் கேட்டீர்களா? இது மறதி இல்லாமலும் நடக்கும். மூன்று பிளாக்குக்கும் ஒரே பேஸ்மென்ட் இருக்கும், தூண்களில் ஒரே பெயின்ட், லிஃப்டுகளும் ஒரே மாதிரி. பக்கத்து லிஃப்டில் ஏறி ஒன்பதை அழுத்தினால் அதே இடத்தில் அதே நிறத்தில் ஒரு கதவு இருக்கும். இன்னொன்றும் உண்டு. கரன்ட் போனால் லிஃப்டில் உள்ள மீட்புக் கருவி பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்த் தானாகக் கதவைத் திறந்துவிடும். வந்துவிட்டோம் என்று இறங்குகிறவர்கள் 40 வயதிலும் இருக்கிறார்கள்.

மறதி நோயாக இருந்தால் வேறு அடையாளங்கள் தெரியும். கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார். மாதம், கிழமை குழம்பும். சில்லறை எண்ணத் தடுமாறுவார். நாற்பது வருடம் நடந்த தெருவிலேயே வழி தவறும். ஊரில் தாமிரபரணியில் குளித்துவிட்டு ஒழுங்காக வீடு வந்தவரா அவர்? உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, கூட்டிப்போங்கள். பி12, தைராய்டு, சோடியம் பார்ப்பார்கள். காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேளாததைப் பல வீடுகளில் மறதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறதி நோய்தான் என்று தெரிந்தால் பகலில் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவரைத் தனியாகப் பூட்டிவைப்பது இப்போது செய்வதைவிட மோசம்.

இனி பூட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றுங்கள். மாற்ற வேண்டியவர் உங்கள் கணவர், உள்ளே இருப்பவர் அவருடைய அப்பா. இதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கிரில் கதவில் பூட்டு மாட்டுகிற கொண்டியைக் கழற்றிவிட்டு, வெளியே சாவி, உள்ளே திருகுகிற குமிழ் என்று இருக்கும் லாக்கைப் போடச் சொல்லுங்கள். கடையில் வாங்கும்போதே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். வெளியே சாவியைக் கடைசிச் சுற்று வரை திருகிப் பூட்டிய பிறகும் உள்குமிழ் திறக்கிறதா? சில மாடல்களில் ஒரு சுற்றுக்குத் திறக்கும், இரண்டாம் சுற்றில் குமிழ் இறுகிவிடும். அது வேண்டாம். கிரில் கம்பிக்குள் வெளியாள் கைவிட்டுக் குமிழைத் திருகாமலிருக்க, அதைச் சுற்றி ஓரடிக்கு ஓரடி தகடு அடிக்க வேண்டும். வாடகை வீடு என்பதால் வெல்டிங் வேண்டாம், போல்ட் போட்டால் போகும்போது கழற்றிக்கொள்ளலாம்.

மரக்கதவு லாக்கில் சாவி நுழைகிற உருளைக்கு சிலிண்டர் என்று பெயர். அது இரண்டு பக்கமும் சாவி போடுகிறதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே சாவி மாட்டியிருந்தால் பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து உங்கள் சாவி வேலை செய்யாது. அவர் மயங்கிக் கிடந்தால் நீங்களே உள்ளே போக முடியாது. ஒரு பக்கம் சாவி, ஒரு பக்கம் குமிழ் உள்ள சிலிண்டர் கேளுங்கள். கதவின் விளிம்பில் லாக்குக்கு நேரே ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியை லேசாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். அதிகம் திருப்பினால் நடுவில் உள்ள நாக்கு மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ. இருக்கும். ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து இரண்டு நுனிக்கும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள், பழையதையும் கடைக்கு எடுத்துப்போங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் மறுபடி மாட்ட அது வேண்டும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லேட்ச் என்றால் ஒரு வம்பு உண்டு. அவர் பேப்பர் எடுக்க வெளியே வருவார், மத்தியானக் கடற்காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும், சாவி உள்ளே இருக்கும். அதனால் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கட்டும். வேட்டிக்குப் போடும் பச்சை பெல்ட்டில் பை இருக்குமே, அது போதும். பள்ளிப் பிள்ளைபோலக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள். குளியலறையில் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற லாக் போடுங்கள்.

அடுத்து, அசோசியேஷன் படிவத்தில் குடியிருப்பவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்று என் மனம் சொல்கிறது. போய்ச் சேர்த்துவிடுங்கள். கேட் ஆப்பில் அவருடைய எண்ணையும் போடுங்கள், பட்டன் போன் என்றால் இன்டர்காம் போதும். கேட்டில் நிற்கும் பையன்களில் பலர் அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சு இவருக்குப் புரியாது, இவர் பேச்சு அவர்களுக்குப் புரியாது. கூட்டிப்போய் முகத்தைக் காட்டி, பிளாக்கும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டை அவர் பையிலும் செக்யூரிட்டி மேஜையிலும் வையுங்கள். போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3 என்றால் நீங்கள், 4 என்றால் 108 என்று போட்டுக்கொடுங்கள்.

வழி பழக்குவது நான்கு நாள் வேலை. முதல் இரண்டு நாள் உங்கள் கணவர் முன்னால் நடக்கட்டும், அடுத்த இரண்டு நாள் மாமனார் முன்னால் நடக்கட்டும், கணவர் பின்னால் வாய்மூடி வரட்டும். வழி காட்டிக்கொண்டே கூட்டிப்போனால் யாருக்கும் வழி மனதில் நிற்காது. லிஃப்ட் திறந்ததும் இறங்காமல் மேலே எரியும் எண்ணைப் பார்க்கப் பழக்குங்கள். உங்கள் கதவு மற்றக் கதவு மாதிரி இருக்கக் கூடாது. தோரணம் கட்டுங்கள், சிவப்பு மிதியடி போடுங்கள். பொது நடையில் தண்ணீர் தெளித்தால் சண்டை வரும் என்றால் சாக்பீஸில் நாலு புள்ளிக் கோலம் போதும்.

கேஸை மூடிவிட்டுப் போகிறீர்கள், சரி. அப்படியானால் பதினொரு மணிக்கு ஒரு காப்பி வேண்டுமென்றால் அவர் என்ன செய்வார்? கொதித்ததும் தானாக அணைகிற எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்றரை லிட்டரில் கிடைக்கிறது. பிளாஸ்கில் பாலும் டிகாஷனும் தனித்தனியே வைத்துவிட்டுப் போங்கள். ஆறு மாதம் கழித்து அவர் உங்களுக்குப் போட்டுக்கொடுப்பார்.

இப்போது டே கேருக்கு வருகிறேன். கோபம் இங்கேதான் எனக்கு அதிகம். பேரன் கீழே கிளப் ஹவுஸில் பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறான். தாத்தா அதே வளாகத்தில் மேலே பூட்டின வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மாடி இடைவெளி. இதை எழுதும்போது உங்கள் பேனா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையே, அம்மா! மருத்துவர் ஒன்றுமில்லை என்றால், வழியும் பழகியபின், வேன் வரும் நேரத்துக்கு அவர் கேட்டில் நிற்கட்டும். முதல் இரண்டு வாரம் டே கேரை நிறுத்தாமல் பாருங்கள், பிறகு நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவருக்கு வீட்டில் ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். மூன்று வேளைச் சோறு போட்டாயிற்று என்பதோடு மகனின் கடமை முடிந்துவிடாது.

எப்போது பழகும் என்று கேட்டீர்களே. நீங்கள் இருவரும் இருட்டுகிற நேரத்தில் வருகிறீர்கள். பகல் முழுக்க வளாகத்தில் இருப்பவர்கள் ஓய்வுபெற்றவர்களும் வீட்டுவேலைக்கு வரும் பெண்களும்தான். எந்தப் பெண்ணுக்குக் காலையில் ஒரு மணி நேரம் காலியாக இருக்கிறது, எந்த லாரித் தண்ணீர் வந்த அன்று உப்பு அதிகம், துணி விஷயத்தில் கறாராக இருப்பது யார், எல்லாம் மாலை ஐந்தரைக்குக் கீழே சிமென்ட் பெஞ்சில் பேசப்படும். அங்கே போய் உட்கார நேரமும் பொறுமையும் உள்ள ஒரே ஆள் உங்கள் குடும்பத்தில் அவர்தான். அவரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுப் பெயர் ஐந்து மாதமாகத் தெரியவில்லை என்பதில் என்ன அதிசயம்? ஒரு மாற்றுச் சாவி அவர்களிடம் இருக்க வேண்டும், அதனால் இந்த வாரமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துரைப்பாக்கம் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது. சென்னைவாசிகளில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. முகவரிச் சான்று கேட்பார்கள், ஆதாரில் அவர் முகவரியை மாற்றுங்கள்.

மற்றவை. கூரையில் கப்பி வைத்து இறக்கி ஏற்றும் துணிக்கம்பி போடுங்கள். துணி கைப்பிடிச் சுவருக்கு மேலே வெளியே தெரியாமல் இருந்தால் மெசேஜ் நின்றுவிடும். தண்ணீருக்கு, ஆர்.ஓ. குடிக்க மட்டும். குளியலுக்கு சாஃப்ட்னர்தான் வழி, அதை அசோசியேஷன் டேங்கிலேயே வைக்கக் கேளுங்கள். தலைக்குக் கடைசி ஒரு சொம்பு ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் முடி பிசுக்காது. கொட்டுவது நிற்கவில்லை என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பாருங்கள், எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போடாதீர்கள். மேல்வீட்டு நாற்காலிக்கு, ஒட்டுகிற ஃபெல்ட் துண்டு வாங்குங்கள். ஆறு நாற்காலிக்கு 24 வேண்டும். நீங்களே வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா முறுக்கோடு மாமனாரையும் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். புகார் எழுதாதீர்கள்.

திண்டுக்கல் பூட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பொங்கலுக்கு நான்கு பேரும் ஊருக்குக் கிளம்பும்போது கொண்டியை மாட்டி வெளியே பூட்டுங்கள். சாவியை மாமனாரிடம் கொடுத்துவிடுங்கள்.