தண்ணிக்கடியில வெல்டிங் பண்ற ஒயர், அதோட டெஸ்ட் பத்தி கேட்டதும் சொன்னதும்

தண்ணிக்குள்ள வெல்டிங் ராடு வெச்சே வேலை நடக்குதே, ஃப்ளக்ஸ் கோர் ஒயர் (உள்ள ஃப்ளக்ஸ் பொடி அடைச்ச ஒயர்) எதுக்கு அண்ணே?

ராடு சட்டுனு தீர்ந்துடும் தம்பி. ஒவ்வொரு தடவையும் டைவர் மேல சொல்லி கரண்ட நிறுத்தி வேற ராடு மாட்டணும், அந்த எடத்துல எல்லாம் பீடு (இரும்பு உருகி ஒறையிற வெல்டிங் கோடு) நின்னு நின்னு போகும். ஒயர்னா விடாம போகலாம். கீவ்ல இருக்குற பேட்டன் இன்ஸ்டிட்யூட்ல 1960கள்லயே இதுக்குன்னு தனி ஒயர் பண்ணிட்டாங்க, பீடை காக்க வெளிய இருந்து கேஸ் குடுக்கவே வேணாம்.

எங்க ஷாப் தொட்டியில ஒரு மீட்டர் ஆழத்துல டெஸ்ட் பண்ணா போதுமா சார்?

போதாது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது, ஆழம் போகப் போக பீடுல ஓட்டை ஜாஸ்தியாகும், மாங்கனீசும் குறையும். தொட்டியில சூப்பரா வந்த ஒயர் 40 மீட்டர்ல சொதப்பும். ப்ரெஷர் சேம்பர்ல வேலை செய்யப்போற ஆழத்தோட அழுத்தத்தை வெச்சு பாருங்க.

பீடு அழகா இருக்கு, எக்ஸ்ரேயும் க்ளீன். பாஸ் தானே?

இங்கதான்பா எல்லாரும் ஏமாறுறாங்க, நானும் ஒரு எடத்துல பாத்தேன், சாயங்காலம் எக்ஸ்ரே க்ளீன், மறுநாள் காலைல பீடு ஓரத்துல மயிர் மாதிரி ஒரு கிராக். ஆர்க் (கரண்ட் தாவுற நெருப்பு) சூட்டுல தண்ணி உடைஞ்சு ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போயிடுது, சுத்தி இருக்குற தண்ணி பீடை டக்குனு குளிர வெச்சு ஓரத்தை கண்ணாடி மாதிரி கெட்டியாக்கிடுது, அப்புறம் அந்த ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து வந்து பொளக்குது. பிளேட்டோட கார்பன் ஈக்விவேலன்ட் (கார்பனும் மத்த கலவையும் சேர்த்து, இரும்பு எவ்ளோ சுலபமா கெட்டியாகும்னு சொல்ற நம்பர்) 0.40 தாண்டினா ரொம்ப உஷாரா இருங்க. அதனால முடிஞ்ச உடனே அவசரமா எக்ஸ்ரே எடுக்காதீங்க, ரெண்டு நாள் விட்டு எடுங்க, பீடு ஓரத்துல ஹார்ட்னஸ் (கெட்டித்தன்மை) பாருங்க (தண்ணிக்கடி வெல்டிங் தரத்துல உசந்த ஏ கிளாஸ்னா விக்கர்ஸ் அளவுல 325 தாண்டக்கூடாது), பெண்ட் டெஸ்ட் (வளைச்சு பாக்குறது) கண்டிப்பா. உடைஞ்ச எடத்தை டார்ச் அடிச்சு பாத்தா சில நேரம் வெள்ளையா, வட்டமா மீன் கண்ணு மாதிரி புள்ளி தெரியும், நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது ஹைட்ரஜன் போட்ட கையெழுத்து. ஹைட்ரஜன் எவ்ளோன்னு அளந்தே பாக்கணும்னா சாம்பிளை வெல்ட் பண்ண கையோட எடுத்து லிக்விட் நைட்ரஜன்ல போட்டுடணும், லேட் பண்ணா கேஸ் பாதி ஓடிடும், நம்பர் பொய்யா வரும்.

எப்படியும் தண்ணிக்குள்ளதான் போகுது, ஒயரை எதுக்கு காய வெக்கணும்?

நல்ல கேள்விமா. பட்டை இரும்பை மடிச்சு செஞ்ச ஒயர்ல ஒரு தையல் இருக்கும், அது வழியா ஈரம் உள்ள இருக்குற ஃப்ளக்ஸ்க்கு போயிட்டா நேரா ஆர்க்குக்குள்ளதான் வரும், ஆர்க்கும் துடிக்கும். அதனால ஒரு துண்டு காஞ்சது, ஒரு துண்டு கொஞ்ச நேரம் தண்ணியில ஊறினது, ரெண்டுலயும் பீடு போட்டு வெட்டி பாருங்க. ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் வந்தா அந்த ஒயர் வேணாம்.

ஏசி மெஷின் இருக்கு, ட்ரை பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். டிசி மட்டும். மேல ஒருத்தர் நைஃப் ஸ்விட்ச்ல (கத்தி மாதிரி பட்டை வெச்சு கரண்டை வெட்டுற ஸ்விட்ச்) கை வெச்சு நிக்கணும், டைவர் சொன்னாத்தான் கரண்ட்.