இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் நேரோபோட் என்ற குறுகிய, நீண்ட படகை எடுத்து ஒரு வாரம் போக, முதல்முறை போகிறவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

கேட்டவர் சொன்ன விவரம் இது: நான்கு பேர், யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை, ஒரு வாரம் வாடகைக்கு எடுக்க எண்ணம். எந்தத் தடம், லாக்கை (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) எப்படி இயக்குவது, எதில் கவனம் வேண்டும் என்று கேட்கிறார்.

லைசென்ஸ் எதுவும் வேண்டாம். வாடகை நிறுவனத்தார் படகைக் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொடுப்பதே போதும் என்பது நடைமுறை. ஓட்டுவதை அரை நாளில் பழகிவிடலாம். பெரிய விபத்துகள் நடக்கும் இடம் லாக். அங்கே படகின் பாதுகாப்பு சுக்கான் பிடிப்பவரைவிட, மேலே நின்று தண்ணீரைத் திறந்துவிடுபவர் கையில்தான் அதிகம் இருக்கிறது. குழுவில் மிக நிதானமான ஆளை அந்த வேலைக்குப் போடுங்கள். பெரும்பாலானோர் நேர்மாறாகச் செய்கிறார்கள். தைரியசாலி ஓட்ட, லாக் வேலை பிள்ளைகளிடம் போய்விடுகிறது.

முதலில் தடம். ஒரு நாளைக்கு எவ்வளவு போக முடியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம். வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான், அதையும் தொடர்ந்து பிடிக்க முடியாது. ‘ஃபோர் கவுன்டீஸ் ரிங்’ என்ற புகழ்பெற்ற வட்டப்பாதை 110 மைல், 94 லாக். கணக்குப் போட்டால் மொத்தம் 60 மணி நேரம். முதல் நாளும் கடைசி நாளும் பாதிப் பாதிதான் கிடைக்கும் என்பதால் தினமும் எட்டரை, ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டிவரும். விடுமுறை போலவே இருக்காது. புதியவர்கள் இதை ஒரு வாரத்தில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்குள் போகும் லங்கோலன் கால்வாயின் மேற்குப் பாதி முதல் பயணத்துக்கு மிகப் பொருத்தம். எல்ஸ்மியரிலிருந்து லங்கோலன் வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 மைல், நியூ மார்ட்டனில் இரண்டே லாக். வழியில் சர்க் நீர்ப்பாலமும், 1805-இல் திறந்த பொன்ட்கசல்ட்டே நீர்ப்பாலமும் வரும். இரண்டாவது, டீ ஆற்றுக்கு 126 அடி மேலே 1,007 அடி நீளத்துக்கு ஓடும் இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், தடுப்பு கிடையாது. பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள். இந்தக் கால்வாய் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீரும் கொண்டுபோகிறது. அதனால் லங்கோலன் பக்கமிருந்து நீரோட்டம் உண்டு, போகும்போது எதிர்த்துப் போக வேண்டும், ட்ரெவர் என்ற ஊருக்கு அப்பால் இது நன்றாகவே தெரியும். அந்தக் கடைசித் துண்டில் இரண்டு படகு ஒதுங்க இடமில்லாத பகுதிகளும் வரும். ஒருவரை நடைபாதையில் முன்னால் அனுப்பி, எதிரே படகு இல்லை என்று போனில் சொன்ன பிறகு நுழையுங்கள்.

இனிப் படகு. நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். 1766-இல் தொடங்கிய டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு ஜேம்ஸ் பிரின்ட்லி குறுகிய லாக்குகளைத் தேர்ந்தெடுத்தார். அகலம் சுமார் 7 அடி, நீளம் 72 அடி. குறுகிய லாக்குக்குச் செலவும் குறைவு, தண்ணீரும் குறைவு. படகின் வடிவத்தை அந்த அளவு தீர்மானித்துவிட்டது. உங்களுக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: படகுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம்தான். மோதலைத் தாங்கப் பக்கவாட்டில் தொங்கும் ஃபென்டர்களை லாக்குக்குள் போகும் முன் மேலே எடுத்துப் போட்டுவிடுங்கள். தொங்கவிட்டால் சுவரில் சிக்கிப் படகு இறுகிக்கொள்ளும்.

நான்கு பேருக்கு 50 முதல் 57 அடிக்குள் எடுங்கள். 57 அடிக்கு மேல் போனால் வடக்கே சில கால்வாய்களின் குட்டையான லாக்குகளில் நுழையாது, படகைத் திருப்புவதும் சிரமம். இந்த நீளப் படகு சுமார் 15 டன் எடை, பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் ரிவர்ஸ் கொடுக்க வேண்டும், நிற்பதற்குள் சில படகு நீளம் போய்விடும். கரையில் மோதப்போகிறது என்றால் கையையோ காலையோ நீட்டித் தடுக்காதீர்கள். மோதட்டும், இரும்புதான்.

சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை வலது பக்கம் தள்ளினால் முன்பக்கம் இடது பக்கம் திரும்பும். படகு நடுவை அச்சாக வைத்துச் சுழல்கிறது. முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டினால் வளைவில் பின்பக்கம் கரையில் உரசும். புரொப்பெல்லர் சுற்றினால்தான் சுக்கான் வேலை செய்யும். பயந்துபோய் நியூட்ரலில் போட்டால் படகு உங்கள் பேச்சைக் கேட்காது. ரிவர்ஸிலும் அப்படித்தான், எந்தப் பக்கம் போகும் என்று படகுதான் முடிவு செய்யும். எதிரே படகு வந்தால் வலது பக்கம் ஒதுங்குங்கள். கரையில் கட்டிக்கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்ஜினை மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அவர்கள் தரையில் அடித்த முளைக்குச்சிகள் பிடுங்கிக்கொள்ளும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பின்னால் அலை கரையில் உடைந்து நுரைத்தால் வேகம் அதிகம் என்று பொருள். ஆழம் குறைந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை ஏற்ற ஏற்றப் பின்பக்கம் கீழே அமுங்குமே தவிர வேகம் கூடாது.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டி. பேடில் என்று அவர்கள் சொல்வது நம் ஏரி மதகின் ஷட்டர் மாதிரிதான்: பற்சக்கரத்தில் விண்ட்லஸ் என்ற இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் பலகை உயரும், தண்ணீர் பாயும். தரைக்குள் குழாய் வழியாகத் தண்ணீர் விடுவது தரைப் பேடில், கதவிலேயே இருப்பது கதவுப் பேடில். இரண்டையும் அடையாளம் கண்டுகொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்காதீர்கள்.

மேலே ஏறும்போது: லாக்குக்கு முன்னால் இறங்குதுறையில் விண்ட்லஸுடன் ஒருவரை இறக்கிவிடுங்கள். படகு அங்கேயே பின்தள்ளி நிற்கட்டும், லாக்கைக் காலிசெய்யும்போது வெளியே வரும் தண்ணீர் படகைத் தள்ளும். லாக் நிறைந்திருந்து மேலிருந்து படகு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவர்கள் முதலில் இறங்கட்டும். ஒரு குறுகிய லாக் ஒருமுறை நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் போகிறது, வீணாகக் காலிசெய்தால் மேல்பகுதிக் கால்வாயில்தான் குறையும். யாரும் இல்லையென்றால் மேல் கதவும் மேல் பேடில்களும் மூடியிருப்பதைச் சரிபார்த்து, கீழ்ப் பேடிலைத் திறந்து காலிசெய்யுங்கள். மட்டம் சமமானதும் கதவு தானாக இளகும். ஓர் அங்குல வித்தியாசம் இருந்தாலும் அசையாது, முட்டி மோதிப் பயனில்லை. கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்து, தரையில் பதித்த கற்களில் காலை ஊன்றித் தள்ளுவதே சரியான முறை.

படகு உள்ளே வந்ததும் கீழ்க் கதவுகளை மூடி, கீழ்ப் பேடில்களை இறக்குங்கள். பிறகு மேல் தரைப் பேடில் ஒன்றைப் பாதி மட்டும் திறந்து நிறுத்துங்கள். படகைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் இழுபட்டு அடங்கிய பிறகு முழுதும் திறக்கலாம், பிறகு இரண்டாவதை. கதவுப் பேடிலை அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் நேராக முன்தளத்தில் கொட்டி உள்ளே புகும். அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கிய பிறகே தொடுங்கள். ஏறும்போது முன்மூக்கு கதவின் குறுக்குச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மாட்டினால் மேல் பேடில்களை உடனே மூடிவிட்டு, கீழ்ப் பேடிலைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும்.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மேல் கதவின் அடியில், தண்ணீருக்குள் மறைந்து ஒரு கல் மேடை நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்பார்கள், இடத்துக்கிடம் மாறினாலும் ஐந்தடி வரை நீண்டிருக்கும். தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் மட்டும் கீழே போய்ப் படகு சாயும், நீர் புகும். சில நிமிடங்களில் மூழ்கிய படகுகள் உண்டு. லாக்கின் விளிம்பில் இதற்காகவே வெள்ளைக் கோடு வரைந்திருப்பார்கள். சுக்கான் உட்பட முழுப் படகும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும், முன்மூக்கு கீழ்க் கதவில் ஏறி உட்காராமலும் இருக்க வேண்டும். பேடில் சுற்றுபவர் தண்ணீர் இறங்கும் முழு நேரமும் அந்தக் கோட்டையும் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். போனை எடுப்பதும் வழிப்போக்கர்களிடம் பேசுவதும் லாக்கைக் கடந்த பிறகு. பின்பக்கம் மாட்டியது போலத் தெரிந்தால் செய்ய வேண்டியது: கீழ்ப் பேடில்களை உடனே மூடு, பிறகு மேல் பேடிலைச் சிறிது திறந்து மெல்லத் தண்ணீர் ஏற்று. இந்த வரிசையை நால்வரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

லாக்குக்குள் கயிற்றை எதிலும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. இறங்கும் படகு கயிற்றில் தொங்கும். வேண்டுமானால் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடியுங்கள். விண்ட்லஸைத் தண்டிலேயே மாட்டிவிட்டு நகராதீர்கள். தடுப்புக் கொக்கி நழுவினால் கைப்பிடி சுழன்று பறக்கும், தாடை, மணிக்கட்டு எல்லாம் இதில் உடைந்திருக்கிறது. பேடிலை இறக்கும்போதும் சுற்றித்தான் இறக்க வேண்டும், கொக்கியைத் தட்டிவிட்டு விழவிடுவது பற்சக்கரத்தின் பல்லை உடைக்கும். ஒரு பேடில் பாதி திறந்து விடுபட்டால் இரவுக்குள் மேல்பகுதி வற்றி, அங்கே கட்டிய படகுகள் சேற்றில் சாய்ந்துவிடும். கிளம்பும் முன் நான்கு பக்கமும் ஒரு பார்வை. விண்ட்லஸ் தண்ணீரில் விழுவது சகஜம், இரண்டு இருக்கட்டும்.

கிராண்ட் யூனியன் போன்ற கால்வாய்களின் 14 அடி அகல லாக்குகளில் ஒரு நுணுக்கம்: ஏறும்போது படகு நிற்கும் பக்கத்துத் தரைப் பேடிலை முதலில் திறந்துவிடுங்கள். தண்ணீர் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பிப் படகை அதன் சுவரோடு அணைத்து வைக்கும். எதிர்ப்பக்கத்தைத் திறந்தால் 15 டன் குறுக்கே ஓடும்.

ஃபாக்ஸ்டன், பிங்லி போன்ற படிக்கட்டு லாக்குகளில் ஒரு தொட்டியின் மேல் கதவே அடுத்ததன் கீழ்க் கதவு. ஏறும்போது கீழ்த் தொட்டி காலியாகவும் மேலுள்ளவை நிறைந்தும் இருக்க வேண்டும், இறங்கும்போது மேல் தொட்டி நிறைந்து கீழுள்ளவை காலியாக. ஃபாக்ஸ்டனில் சிவப்புப் பேடில் முதலில், வெள்ளை பிறகு. அங்கே லாக் காவலர்கள் இருப்பார்கள், அவர்கள் சொன்ன பிறகே நுழையுங்கள்.

நகரப் பகுதிகளில், முக்கியமாக பர்மிங்காமைச் சுற்றி, புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் பை, கயிறு, பழைய துணி, சில நேரம் முழுப் புடவை. படகு அதிர்ந்து, புகை அதிகமாகி, இன்ஜின் ஓடியும் நகராவிட்டால் இதுதான் காரணம். முதலில் நியூட்ரலுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றிப் பாருங்கள், சில நேரம் தானே அவிழும். அவிழாவிட்டால் கரையில் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்தின் கீழே உள்ள வீட் ஹாட்ச் மூடியைத் திறந்து கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கமாகத் திருகாமல் இன்ஜினை ஓட்டினால் புரொப்பெல்லரே தண்ணீரைப் படகுக்குள் இறைத்துவிடும். மூழ்குவதற்கு இன்னொரு பிரசித்தமான வழி இது. தரைதட்டினால் முன்னே போக முயலாதீர்கள். எல்லோரும் ஆழமான பக்கம் நகர்ந்து நின்று, ரிவர்ஸ் கொடுத்து, கம்பால் முன்பக்கத்தைத் தள்ளுங்கள்.

படகைத் திருப்ப ‘வைண்டிங் ஹோல்’ என்ற அகன்ற இடம் வேண்டும். அது எத்தனை அடிப் படகுக்கு என்று வரைபடத்தில் பாருங்கள், உங்கள் நீளத்துக்கான கடைசி இடத்தைத் தாண்டிவிட்டால் அடுத்தது மைல் கணக்கில் தள்ளியிருக்கும். இரவுக்கு நடைபாதைப் பக்கம் முன், பின் கயிறுகளால் கட்டுங்கள். லாக் இறங்குதுறை, தண்ணீர்க் குழாய், வளைவு, திருப்புமிடம் இங்கெல்லாம் கட்டக்கூடாது.

தண்ணீர்த் தொட்டியைத் தினமும் நிரப்பிவிடுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால் சமையல் வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம். சிங்க் தண்ணீர் நேராகக் கால்வாயில்தான் விழுகிறது. தாளித்த எண்ணெயைக் கொட்டாமல் தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மிக்ஸி கொண்டுபோகிறவர்கள் இன்வெர்ட்டர் எத்தனை வாட் தாங்கும் என்று முதல் நாளே கேட்டு, இன்ஜின் ஓடும்போது மட்டும் அரையுங்கள். தினம் காலை இன்ஜின் ஆயில் அளவு பார்ப்பது, மாலையில் பின்பக்கக் கிரீஸ் குமிழை ஒரு திருகு திருகுவது இரண்டும் உங்கள் வேலை. நிறுவனத்தார் காட்டும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன். குளிர்காலத்தில் பழுதுபார்க்க லாக்குகளை மூடுவார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தாலும் மூடுவார்கள், 2025 வறட்சியில் பல கால்வாய்கள் மூடிக்கிடந்தன. அதே ஆண்டு புத்தாண்டு அன்று டன்ஹம் மாஸி அருகே பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரையே உடைந்து, செஷயர் ரிங் என்ற வட்டப்பாதை அறுபட்டது. பணம் கட்டும் முன்பும், கிளம்பும் வாரமும் கால்வாய்களைப் பராமரிக்கும் அமைப்பான கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் இணையதளத்தில் உங்கள் தடத்தின் தடை அறிவிப்புகளைப் பாருங்கள். தடம் மூடியிருந்தால் வேறு பக்கம் போக முடியுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.