நெடும்பயணத்துக்கு முன் டைனமோ சத்தம் போட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிக்கு ஆல்டர்நேட்டர் என்பதுதான் சரியான பெயர். ஆனால் லாரிப் பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பத்துச் சக்கர லாரி. நாளை மறுநாள் நாக்பூருக்கு லோடு ஏற்றுகிறேன். ஒரு வாரமாக இன்ஜினின் முன்பக்கம் ‘கர்ர்ர்’ என்று சத்தம். சார்ஜ் லைட் எரியவில்லை, செல்ஃப் நன்றாக அடிக்கிறது. போய் வந்து பார்த்துக்கொள்ளலாமா? (சங்ககிரி)

வேண்டாம். நாளைக்கே பாருங்கள். சங்ககிரியிலிருந்து நாக்பூர் 1,200 கிலோமீட்டருக்கு மேல். இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது டைனமோ இரண்டரை, மூன்று சுற்று சுற்றுகிறது. கிரீஸ் காய்ந்துபோன பேரிங் அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சார்ஜ் லைட் எரியாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அந்த லைட் கரண்டைப் பற்றித்தான் சொல்லும், பேரிங்கைப் பற்றிச் சொல்லாது. பேரிங் போகும்போது முதலில் வருவது சத்தம். பிறகு ஷாஃப்ட்டில் ஆட்டம் வரும். கடைசியில் உள்ளே சுற்றும் ரோட்டர் வெளியே இருக்கும் ஸ்டேட்டரில் உரசும். அதுவரை சார்ஜ் ஒழுங்காகவே ஏறிக்கொண்டிருக்கும். உரசிவிட்டால் ஸ்டேட்டரில் சுற்றியிருக்கும் கம்பிக் காயில் போயிற்று. பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, முழு டைனமோ வாங்கும் செலவாகிவிடும். பேரிங் அப்படியே இறுகிவிட்டால் பெல்ட் புல்லிமேல் வழுக்கி, புகைந்து அறுந்துவிடும். பல லாரிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அப்புறம் இது எலக்ட்ரிக்கல் வேலை இல்லை, இன்ஜின் சூடேறி சிலிண்டர் ஹெட் போகிற வேலை.

சத்தம் டைனமோவிலிருந்துதானா என்று உறுதி செய்ய, இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழவழவென்று சுற்றும். போன பேரிங்கில் மணல் அரைபடுவதுபோல விரலுக்கே தெரியும். புல்லியை முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். வாட்டர் பம்ப் நின்றிருக்கும், அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் அப்போதும் இருந்தால் பிரச்சினை வேறு இடத்தில். நின்றுவிட்டால் டைனமோவோ, அதே பெல்ட்டில் ஓடும் வேறொன்றோ. வாட்டர் பம்ப் புல்லியையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

‘கர்ர்’ என்பது பேரிங். ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்தி அடங்கினால் பெல்ட் தளர்ச்சி. ஹெட்லைட் போட்டதும் ‘ஊஊ’ என்ற சத்தம் கூடி, அணைத்ததும் குறைந்தால் டையோடு (ஏசி கரண்டை டிசி ஆக்கும் பாகம்) அல்லது ஸ்டேட்டர் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். டிரைவரின் காதுதான் இதற்கு முதல் மீட்டர்.

பேரிங் மாற்றும்போது முன், பின் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். நம்பர் பேரிங்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதே நம்பரில், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். 6203-க்கும் 6303-க்கும் உள்துளை 17 மி.மீ. தான், ஆனால் வெளிவிட்டம் 40, 47 என்று மாறும். நம்பரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் இரண்டு நடை மிச்சம்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? (நாமக்கல்)

நல்ல காரியம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 24.4 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 27.5 முதல் 28.5 வரை நிற்க வேண்டும். அப்புறம் ஹெட்லைட், வைப்பர், கேபின் ஃபேன் எல்லாம் போட்டுப் பாருங்கள். அப்போதும் 27-க்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் போடாதபோது 28 காட்டி, லைட் போட்டதும் 25-க்கு விழுகிற டைனமோ இரவில் உங்களைக் கைவிட்டுவிடும்.

29.5, 30 என்று ஏறினால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்பு அடிக்கடி போவதும், பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் அதனால்தான். சின்ன யானை, பிக்கப் மாதிரி 12 வோல்ட் வண்டிகளுக்கு இந்த எண்களில் பாதி.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு என்றார். நம்பலாமா? (தருமபுரி)

நம்பாதீர்கள், இனி அப்படிச் செய்யவும் விடாதீர்கள். பட்டறையில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின், ஓட ஆரம்பித்த பிறகு கரண்ட்டே இல்லாமலும் பெரும்பாலும் ஓடும். அது நிற்கவில்லை என்பதை வைத்து டைனமோவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

புது வண்டியில் இது ஆபத்து. பேட்டரிதான் டைனமோவின் கரண்டைத் தாங்கி நிதானப்படுத்துகிறது. அதைத் திடீரென்று பிரித்தால் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். டையோடு, ரெகுலேட்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எதுவும் போகலாம். மேலே சொன்ன மீட்டர் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி ஒயரை முதலில் கழற்றச் சொல்லுங்கள், இன்ஜின் நின்ற பிறகு.

டீசல் பிக்கப் வண்டி. டைனமோ சத்தத்தோடு இப்போது பிரேக்கும் கட்டையாக இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (ஆத்தூர்)

இருக்கலாம், அதனால் உடனே வண்டியை நிறுத்துங்கள். பல சின்ன டீசல் வண்டிகளில் டைனமோவின் பின்னாலேயே வேக்யூம் பம்ப் மாட்டியிருக்கும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்யூம் கொடுப்பது அதுதான். அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போகிறது. சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கிப் பிரஷ்ஷை நனைத்துச் சார்ஜைக் கெடுக்கும், பம்பும் பலம் இழக்கும். டைனமோவின் பின்பக்கம் ஆயில் கசிந்திருக்கிறதா, பம்புக்குப் போகும் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். லோடோடு தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் இப்படிப்பட்ட பிரேக்கோடு இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இதைச் சரிசெய்யாமல் பக்கத்து ஊருக்குக்கூட ஓட்ட வேண்டாம்.

போன மாதம் ஆதிலாபாத் தாண்டி ராத்திரியில் சார்ஜ் லைட் எரிந்தது. ஓட்டிக்கொண்டே வந்து ஒரு டோல்கேட்டில் நின்றுவிட்டது. எவ்வளவு தூரம் ஓடியிருக்க வேண்டும்? (ஓமலூர்)

தூரக் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு போடுங்கள். 24 வோல்ட்டில் ஹெட்லைட் இரண்டுக்கும் சுமார் 6 ஆம்பியர். டெயில், சைடு லைட்டுகள், ஈசியூ, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 15 என்று வையுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய 120 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரிகளில் பாதியை நம்பலாம், அதாவது நான்கு மணி நேரம். ஆனால் லைட் எரியும் முன்பே பல நாள் சார்ஜ் குறைவாக ஏறியிருக்கலாம். அதனால் நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கணக்கு வைக்கமாட்டேன்.

பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் வோல்டேஜ் குறைந்ததும் ஈசியூ இன்ஜினை நிறுத்திவிடும். லைட் எரிந்ததும் முதல் வேலை ஓரம் கட்டி பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. பெல்ட் அறுந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் பாட்டு, அலங்கார லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இடையில் இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஊருக்குப் போய்ப் படுங்கள். ஹெட்லைட்டை மட்டும் மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். விடிந்து எலக்ட்ரீஷியன் கடை திறக்கும்.

ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆடியோ போட்டிருக்கிறேன். டைனமோவைப் பாதிக்குமா? (ராசிபுரம்)

முதலில் பேட்டரியைத்தான் பாதிக்கும். ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே வரும், இன்னொன்று ஓவர் சார்ஜ் ஆகும். டைனமோவுக்கு இரண்டின் கூட்டுத்தொகைதான் தெரியும். பழியைக் கடைசியில் டைனமோமேல் போடுவார்கள். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாளிலிருந்து கீச்சுச் சத்தம். பெல்ட்டில் சோப்பு தடவினால் நிற்கிறது. போதுமா? (எடப்பாடி)

போதாது. சோப்பு சத்தத்தை மறைக்கும், பெல்ட்டை இன்னும் வழுக்க வைக்கும். ஈரம் காய்ந்தும் சத்தம் இருந்தால் டென்ஷன் பாருங்கள். வி பெல்ட் என்றால் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 10 மி.மீ. இறங்கலாம். அதற்காகக் கம்பிபோல முறுக்கிவிடாதீர்கள், பேரிங் சீக்கிரம் போய்விடும். பெல்ட் பளபளவென்று மின்னினாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். பழையது ஓடும் நிலையில் இருந்தால் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை தண்ணீர் அடிக்கும்போது டைனமோவை பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள்.

புதுசு வாங்கலாமா, ரீகண்டிஷன் போதுமா? (பரமத்தி வேலூர்)

ஸ்டேட்டர் காயில் கருகாமல் இருந்தால் உங்கள் டைனமோவையே கழற்றிச் செய்யுங்கள். இரண்டு பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மாற்றி, டையோடு பிளேட்டை டெஸ்ட் செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் டைனமோவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் டையோடு ஷார்ட், அதைக் கட்டாயம் மாற்றுங்கள். காயில் கருகியிருந்தால் தூர ஓட்டத்துக்குப் புதுசே வாங்குங்கள். எதைச் செய்தாலும் மாட்டிய அன்றே வெளி மாநிலம் கிளம்பாதீர்கள். ஒரு நாள் உள்ளூர் லோடு ஓட்டி, மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.