யாரும் பொழங்காத தடம்

அன்புள்ள சார்,

போன டிசம்பரில் நண்பர்கள் ஐந்து பேர் அனுமதி வாங்கி, குரங்கணியிலிருந்து ஒருநாள் மலையேற்றம் போனோம். மலைமேல் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கல் அடுக்கிய பழைய பாதை ஒன்று புதருக்குள் பிரிந்து போனது. வழிகாட்ட வந்த அண்ணன், "அது பழைய தடம்ண்ணே, இப்ப யாரும் பொழங்குறதில்ல" என்றார். நாங்கள் கெஞ்சிக் கேட்கவும் மனசில்லாமல் கூட்டிப்போனார். இருநூறு மீட்டர் இருக்கும். பாதை ஒரு சுனையில் போய் முடிந்தது. பாறைக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கிற இலை நரம்பு தெரிகிற தெளிவு. பக்கத்தில் ஒரு கல்பெஞ்ச். நெஞ்சுயரம் இருந்ததால் உட்கார முடியவில்லை. ஒருவன் மட்டும் தாவி ஏறிக் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். படங்களை இணைத்திருக்கிறேன். கூகுள் மேப்பில் அந்தச் சுனையே இல்லை.

இவ்வளவு நல்ல பாதையை யார் போட்டார்கள், ஏன் விட்டார்கள்? யாரும் பார்த்திராத இப்படிப்பட்ட சுனைகளைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

எம்., மதுரை

*

அன்புள்ள எம்.,

முதலில் ஒரு குட்டு. அனுமதி உங்களுக்குத் தந்தது பாதைக்கு, மலைக்கு அல்ல. நீங்கள் கெஞ்சி, அவரும் இசைந்து, ஒரு காட்டுமாடு எதிரே வந்திருந்தால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள், அவர் பிழைப்பு போயிருக்கும். 2018 மார்ச்சில் அதே மலைச்சரிவில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அங்கே ஆளுயரத்துக்கு நிற்கும் போதைப்புல் எண்ணெய்ச் சத்து உள்ளது. காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். டிசம்பரில் போனீர்கள், பச்சையாக இருந்திருக்கும். மாசி பங்குனியில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி.

குரங்கணிக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனின் பெயரை எல்லோரும் மலையுச்சியில் இருப்பதால் வந்தது என்று நினைக்கிறார்கள். அது நிஜமாகவே ஸ்டேஷன். 1902இல் மூணாறிலிருந்து அங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து மண்ணில் உருளும், இழுப்பது காளைமாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை போட்டு நீராவி எஞ்சினையே ஓடவிட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக வரும் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து ரோப் வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு. கொட்டகுடிக்கு அன்றைக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். நீங்கள் தாண்டிப்போன சென்ட்ரல், இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலையம். பிறகு மாட்டுவண்டியில் போடி, அங்கிருந்து துறைமுகம், சீமை.

1924 ஜூலையில் மழை நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. மூணாறு ரயில் மொத்தமாகப் போய்விட்டது, திரும்பப் போடவே இல்லை. அதே வெள்ளத்தில்தான் ஆலுவாவிலிருந்து பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். மலைமேல் ரயில் செத்து நாலு வருஷம் கழித்து அடிவாரத்துக்கு ரயில் வருகிறது. எங்கள் ஊர் ராசி அப்படி.

ஆனால் உங்கள் சுனைக்குப் போகும் பாதையை ரோப் வேக்காரர்கள் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தேயிலைப் பெட்டிக்குத்தான் ரோப் வே. மனுஷன் நடந்துதான் ஏறினான். கங்காணி பிடித்துக்கொடுத்த ஆட்கள், சட்டி பானையும் கைப்பிள்ளையுமாக இந்தச் சரிவில் ஏறித்தான் எஸ்டேட்டுகளுக்குப் போனார்கள். அவர்களுக்கும் முன்னால் முதுவர்கள், இந்த மலையின் பழங்குடிகள். மதுரை எரிந்தபோது மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் என்பது அவர்கள் தங்கள் பெயருக்குச் சொல்லும் கதை.

இந்த வரலாற்றில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். சுமை. நீங்கள் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வைத்த முதுகுப்பையோடு போனீர்கள். தலையில் ஒரு மூட்டையோடு போகிறவனுக்கு மலை வேறு மாதிரி. அவனுக்குக் காட்சிமுனை வேண்டாம், தண்ணீர் வேண்டும். அதனால் பழைய தடங்கள் உச்சியிலிருந்து உச்சிக்குப் போவதில்லை, ஊற்றிலிருந்து ஊற்றுக்குப் போகும். எங்கள் பக்கம் மலையைத் தாண்டும் இடத்துக்கு மெட்டு என்று பெயர். போடிமெட்டு, கம்பமெட்டு, ராமக்கல்மெட்டு. தேவாரத்துக்கு மேலே இருப்பதன் பெயர் சாக்கலூத்துமெட்டு. பெயரிலேயே ஊத்து நிற்கிறது.

ஆகவே "யாரும் பார்த்திராத சுனை" என்று நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கல் அடுக்கிய பாதை அதன் வாசலில் போய் முடிகிறது என்றால், ஒரு காலத்தில் தினமும் ஆள் வந்த இடம் அது. கூகுளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சென்ட்ரலில் அறுபது வயதுக்கு மேற்பட்ட யாரையாவது கேட்டால் பெயர் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அந்த வயதில் நானும் கேட்கவில்லை.

எனக்கு இருபத்துநாலு வயதில், தூக்குச்சட்டியில் புளிச்சோறோடு, இதே மலையின் வேறொரு பக்கத்தில் ஒரு சுனையைத் தேடித் தனியாகப் போனேன். சின்ன வயதில் அப்பா சொன்ன இடம். நல்ல தடம்தான், புல் மிதிபட்டு மண் தெரிந்தது. ஒரு மணி நேரம் நடந்த பிறகு கிளைகள் வயிற்றில் இடிக்க ஆரம்பித்தன. குனிந்து குனிந்து போனேன். பிறகு தடம் மூன்றாகப் பிரிந்தது, மூன்றும் உண்ணிச்செடிக்குள் போய்க் கரைந்தன. மனுஷன் நடக்கிற தடத்தில் தலைக்குமேல்வரை கிளை ஒடிந்திருக்கும், அரிவாள் பட்ட தழும்பு இருக்கும். இடுப்பளவில் கிளை குறுக்கே நின்றால் அது பன்றித் தடம். இது எனக்குத் தெரிந்தது அன்றைக்கு இரவு எட்டரை மணிக்கு. ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி, ஒரு மாந்தோப்புக் காவல்காரர் கையில் அகப்பட்ட பிறகு அவர் திட்டிக்கொண்டே சொன்னது. முழங்காலில் இன்றும் வடு இருக்கிறது. சுனையைப் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டாவது படம் அருமை. பாதையின் பள்ளத்துப்பக்கம் மண்ணோ சுண்ணாம்போ இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கல்லின் கனத்த முனையை உள்ளே தள்ளி, இடுக்கில் சில்லு செருகி. மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும், சுவர் நிற்கும். சிமெண்ட் பூசியிருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி எப்போதோ தள்ளியிருக்கும். இன்னொன்று, பாதை வளைந்து வளைந்து போகாமல் நேராக ஏறுகிறது. பொதிமாட்டுக்கும் குதிரைக்கும் போட்ட பாதை வளைத்து வளைத்துப் போகும். தலைச்சுமைக்காரன் சீக்கிரம் போய்ச் சேரப் பார்ப்பான், செங்குத்தாக ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குவான். இது ஆள் நடந்த தடம்தான்.

ஏன் விட்டார்கள் என்றால், ஜீப் வந்தது. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சி. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, மூணாறு போய், சுற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படியும் ஜனங்கள் சுற்றியே போகிறார்கள். நடந்து ஏறுகிறவர்கள் குறைந்ததும் முதலில் கைவிடப்படுவது இந்த மாதிரிக் கிளைத்தடங்கள்தான். பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு சுனைக்கு ஒதுங்க என்ன அவசியம்? வெயில் விழுகிற திறந்த தடத்தில் உண்ணிச்செடி முளைத்தால் இரண்டு மூன்று மழைக்குள் மூடிவிடும்.

இருப்பிடப் புள்ளியோடு அந்தப் படத்தை எங்கும் போட்டுவிடாதீர்கள். முழங்கால் அளவு தண்ணீர்தான். நாலு ஞாயிற்றுக்கிழமை தாங்காது.

கடைசியாக அந்தக் கல்பெஞ்ச். நெஞ்சுயரம், உட்கார முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உட்கார வைத்ததல்ல அது. இரண்டு கல்லை நட்டு மேலே பலகைக்கல் படுக்கவைத்திருக்கிறது பாருங்கள், அது சுமைதாங்கி. தலைமூட்டையைக் குனியாமல் அதன்மேல் தள்ளிவிட்டு, சுனையில் தண்ணீர் குடித்து, திரும்பக் குனியாமல் தலைக்கு வாங்கிக்கொள்ள. வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக இதை வைக்கும் வழக்கம் உண்டு. சமவெளியில் நிறையப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு மேலே ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை. உங்கள் நண்பரின் தொங்கும் காலுக்குப் பின்னால் பலகைக்கல்லின் விளிம்பில் பாசி படர்ந்திருக்கிறது. சிலவற்றில் அந்த இடத்தில்தான் பெயர் வெட்டியிருப்பார்கள். அந்த அண்ணனின் போன் நம்பர் இருந்தால், அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது பாசியைக் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்