ஒரு ரேடியேட்டர் மட்டும் ஏன் சூடாவதில்லை?

கேள்வி: என் மகள் பாரிஸ் புறநகரில் சொந்த வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறாள். நானும் என் கணவரும் குளிர்காலத்தில் அங்கே சென்று தங்கும்போது, எங்களுக்கு ஒதுக்கப்படும் மாடியறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மட்டும் சரியாகச் சூடாவதில்லை. அடிப்பாகம் சுடுகிறது, மேற்பாகம் சில்லென்று இருக்கிறது. இரவில் உள்ளே தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஓசையும் கேட்கிறது. கீழ்த்தளத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆள் அழைத்தால் பெருந்தொகை ஆகும் என்று மாப்பிள்ளை தள்ளிப்போட்டு வருகிறார். டிசம்பரில் மீண்டும் செல்கிறோம். இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும். மேலே குளிர்ந்து கீழே சுடுவது, உள்ளே ஓசை எழுவது ஆகிய இரண்டு அறிகுறிகளும் ரேடியேட்டருக்குள் காற்று சேர்ந்திருப்பதையே காட்டுகின்றன. பாய்லரில் சூடேறும் நீரை ஒரு பம்ப் குழாய்களின் வழியே அறைதோறும் சுற்றிவரச் செய்கிறது. அந்த நீரிலிருந்து சிறிது சிறிதாகப் பிரியும் காற்று உயரமான இடத்தை நாடிச் செல்வதால், பெரும்பாலும் மாடியிலுள்ள ரேடியேட்டரின் மேற்பகுதியில்தான் போய்த் தேங்குகிறது. காற்று நிற்கும் இடத்திற்கு வெந்நீர் ஏறாது. நம் ஊரில் மாடித் தொட்டியைக் கழுவி நிரப்பிய பிறகு, குழாயில் காற்றடைத்துக்கொண்டு தண்ணீர் வராமல் சீறுமே, ஏறக்குறைய அதே கோளாறுதான்.

ரேடியேட்டரின் மேல்முனையில் பக்கவாட்டில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திறப்பதற்கென்றே உள்ள சாவி அங்குள்ள ஹார்டுவேர் கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும். ‘க்ளே து பூர்ஜ்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சில வகைகளுக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவரே போதும். முதலில் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படக்கூடும் என்பதோடு, சுடுநீர் கையில் தெறிக்கும் ஆபத்தும் உண்டு. பிறகு திருகை இடப்புறமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று, திருப்பினால் போதும். முழுவதுமாகக் கழற்றிவிடக் கூடாது. ‘ஸ்ஸ்’ என்று காற்று வெளியேறி, முதலில் விட்டுவிட்டும் பின்னர் சீராகவும் நீர் வரத் தொடங்கியவுடன் மூடிவிட வேண்டும். அந்த நீர் பெரும்பாலும் கறுத்திருக்கும். சுவரிலோ கம்பளத்திலோ பட்டால் கறை எளிதில் போகாது என்பதால், ஒரு பழைய துணியும் டம்ளரும் கையோடு இருக்கட்டும். உள்ளே உலோகம் அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாவதுண்டு. ஆகவே அந்த நேரத்தில் அருகில் விளக்கோ ஊதுவத்தியோ எரிய வேண்டாம்.

இதோடு வேலை முடிந்தது என்று பலரும் எழுந்துவிடுகிறார்கள். காற்று வெளியேறியபின் குழாய்களில் அழுத்தம் குறைந்திருக்கும். பாய்லரின் முகப்பிலுள்ள அழுத்தமானி, ஆறிய நிலையில், 1 முதல் 1.5 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், நீர் நிரப்பும் வால்வை மெல்லத் திறந்து, முள் உரிய இடத்திற்கு வந்தவுடன் மூடுமாறு மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை இப்படி நிரப்ப வேண்டியிருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது அல்லது விரிவுக்கலன் (சூடேறி விரியும் நீருக்கு இடம் தரும் கலன்) பழுதடைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் நிரப்பிக்கொண்டே போவது தவறு. ஒவ்வொரு முறையும் புதுநீரோடு உள்ளே போகும் ஆக்சிஜன் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும்.

அந்தத் துருதான் கரிய சேறாக அடியில் படிகிறது. எனவே, சென்றவுடன் ரேடியேட்டர் முழுவதையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். மேற்பாகம் சுட்டு அடிப்பாகத்தின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தால், கோளாறு காற்றல்ல, சேறு; அதற்கு மேலே சொன்ன வைத்தியம் பலிக்காது, ஆளை வைத்துக் கழுவித்தான் ஆக வேண்டும். பிரான்சில் வீட்டு பாய்லரை ஆண்டுக்கொருமுறை பராமரிப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், அதற்காக வருபவரிடமே இதையும் காட்டினால் தனியாக அழைக்கும் செலவு மிச்சமாகும்.

தாங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஈரப் புடவையை ரேடியேட்டரின் மேல் விரித்து உலர்த்த வேண்டாம். சூடு அறைக்குள் பரவாது. ஈரம் மட்டும் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் என் மகனின் வாடகை அறையில், அக்டோபர் பிறந்ததிலிருந்து ரேடியேட்டர் முழுவதுமாகக் குளிர்ந்தே கிடக்கிறது, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை 5-இல் வைத்தும் பயனில்லை. மற்ற அறைகள் சூடாக உள்ளன. என்ன காரணம்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அறையின் வெப்பத்துக்கேற்ப வெந்நீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வு கோடை முழுவதும் மூடிக் கிடந்ததால் அதன் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும், கோடை முடிந்த பிறகு வரும் முதல் குளிரில் அங்கே மிகச் சாதாரணமாக நேர்வது இது. முதலில், வால்வின் தலையை (எண்கள் உள்ள அந்தத் திருகை)த் திரைச்சீலை மூடியிருக்கிறதா என்று தங்கள் மகன் பார்க்கட்டும்; மூடியிருந்தால் அங்கே தேங்கும் வெப்பத்தை அறையின் வெப்பமாகக் கொண்டு வால்வு தானே அடைத்துக்கொள்ளும். 5 என்ற எண் விரைவாகச் சூடாக்குவதற்கு அல்ல. 3-இல் வைத்தால் அறை ஏறக்குறைய 20 டிகிரியில் நிற்கும், 5 அதைவிட மிக அதிகம்.

ஊசிதான் காரணம் என்றால், தலையை 5-இல் வைத்துக் கழற்றி, ஊசியைத் தட்டையான பொருளால் மெல்ல அழுத்திவிட்டால் அது தானே வெளியே எழும்பி வரும். குறடால் பிடித்து இழுக்கவே கூடாது. பிடுங்கிக்கொண்டு வந்தால் அறை முழுவதும் சுடுநீர்தான். வாடகை வீடு என்பதால், இதில் கை வைப்பதற்கு முன் வீட்டு உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவதே முறை. ஹீட்டிங்கைச் சரியாக வைத்திருப்பது அவருடைய பொறுப்பு.