எச்சிலைக் கொடுத்தால் பூட்டன் ஊர் தெரியுமா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊர் வாசகி ஒருவரின் கேள்வி: "எச்சிலைக் குழாயில் பிடித்துக் கொடுத்தால், டி.என்.ஏ. பார்த்து முன்னோரின் ஊரைக் கண்டுபிடித்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கும் சான்று வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். பரிசோதனைக் கூடம் செய்வது ஒப்பீடு மட்டுமே. உங்கள் மரபணுக் குறிகளைத் தன்னிடம் ஏற்கெனவே உள்ளவர்களின் குறிகளோடு வைத்துப் பார்த்து, "தென்னிந்தியா, இலங்கை" என்று ஒரு விழுக்காடு போடும். மொரிஷியஸ் தமிழ்க் குடும்பத்துக்கு அது தெரிந்த சேதிதானே! செங்கல்பட்டா, சேலமா என்று பிரிக்க வேண்டுமானால் ஊர் ஊராகத் தமிழ்நாட்டு மக்களின் மாதிரிகள் வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகளை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நோய் ஆராய்ச்சிக்கு அது பெரிய கொடை. ஆனால் அதை வைத்து உங்கள் கிராமத்தைச் சொல்ல முகவரால் முடியாது.

அறிக்கையோடு வரும் "உறவினர் பட்டியல்" இன்னும் மோசமான பொறி. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள் நாம். தெற்காசியச் சமூகங்கள் பலவும் சிறு எண்ணிக்கை மூதாதையரிடமிருந்து பெருகி, வெளியே கலக்காமல் வந்தவை என்று மரபணு ஆய்வாளர்கள் தங்கராஜ், டேவிட் ரைக் குழுவினர் 2017இல் காட்டினார்கள். அதனால் தூரத்து உறவும் கணக்கில் நெருங்கிய பங்காளியாகத் தெரியும். அந்தப் பட்டியலை நம்பி யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். பிரான்சின் பகுதியான ரீயூனியன் தீவில் உள்ள உறவினரின் முகவரிக்கு டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டியை வரவழைப்பதும் வேண்டாம். பிரெஞ்சுச் சட்டத்தில் இப்படிப் பரிசோதனை கேட்பதற்கு 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. கொடுத்த எச்சிலின் தகவல் எங்கே போகும் என்பதும் பயம்தான். எச்சில் பரிசோதனை செய்யும் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனுப் போட்டது.

ஓ.சி.ஐ.க்குத் தேவை காகிதம். மொரிஷியஸ்காரருக்கு ஏழாம் தலைமுறை வரை சலுகை உண்டு என்று 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கே வந்தபோது அறிவித்தார். அந்தச் சங்கிலியை நீங்களே கோக்கலாம். உங்கள் பிறப்புப் பதிவு, பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களுடைய பிறப்புப் பதிவு என்று சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் பின்னோக்கிப் போங்கள். பழைய பதிவு ஏதாவது ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில், ஒப்பந்தக் கூலியாக வந்திறங்கியவருக்குக் கொடுத்த குடியேற்ற எண் இருக்கும். அதுதான் சாவி. அதை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் கொடுத்தால், வந்த கப்பல், தேதி, தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் உள்ள சான்றிட்ட நகல் கேட்கலாம்.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ராமசாமிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். குடும்பப் பெயராக இன்று நீங்கள் போடுவது பெரும்பாலும் வந்தவரின் சொந்தப் பெயர்; அப்படியே தேடுங்கள். "மதராஸ்" என்றிருந்தால் அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம், ஊர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "தென் ஆற்காடு" என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பாருங்கள். காது கேட்டபடி வெள்ளைக்கார எழுத்தர் எழுதிய பிழைக்கு, பேரப்பிள்ளைகள் இன்றும் உறுதிமொழிப் பத்திரத்தோடு அலைகிறார்கள். ஒரே பெயரின் பழைய எழுத்து வடிவங்களை அலுவலகமே பட்டியல் போட்டு ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? இந்த அலைச்சல்தான் முகவர்களுக்குச் சோறு போடுகிறது.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். மோக்கா பதிவேடுகள் 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிக் குடியேற்றத்துக்கானவை. அதற்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரரான லா பூர்தொனே இங்கே ஆளுநராக இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போர்ட் லூயிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்குக் குடியேற்ற எண்ணே கிடையாது. மோக்காவில் "இல்லை" என்றதும், உங்கள் முன்னோர் தமிழரே அல்ல என்று சொல்லி டி.என்.ஏ. பெட்டியை நீட்டும் முகவர் வந்து நிற்பார். இல்லை என்பதற்குப் பொருள், அந்தப் பதிவேட்டில் இல்லை என்பது மட்டும்தான். மொரிஷியஸ் தேசிய ஆவணக் காப்பகத்தின் நோட்டரி பத்திரங்கள், மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவுகள், பிரான்சின் எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸில் உள்ள கடல் கடந்த நாடுகளுக்கான காப்பகம், இவற்றில் தேடுங்கள். ஞானஸ்நானம் பெற்றவருக்குப் பிரெஞ்சுப் பெயர் இருக்கும், கவனம். அந்த வழி ஏழு தலைமுறையைத் தாண்டிவிட்டால் பாட்டி வழியைப் பிடியுங்கள்: அந்தப் பக்கத்தில் எண்ணோடு வந்த ஒரே ஒரு கொள்ளுப்பாட்டி இருந்தாலும் அவரை வைத்து விண்ணப்பிக்கலாம்.