பேரனின் சீழ்க்கட்டியும் பிறக்கப்போகும் குழந்தையின் பிசிஜியும்

அன்புள்ள ஐயா,

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டரை வயது. எட்டாம் மாதத்தில் கழுத்தில் நெறிகட்டிச் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். போன வருடம் நிமோனியா. இப்போது ஈரலில் சீழ்க்கட்டி. தோட்டத்து லயத்தில் இருந்தபோது என் மூத்த பையனும் இப்படிக் கட்டி வந்துதான் ஒன்றரை வயதில் தவறினான். "எதிர்ப்புச் சக்தி இல்லை, பூஸ்டர் மாவு வாங்கிக் கொடு" என்கிறார்கள். மகள் மறுபடி ஏழு மாதம். என்ன செய்யட்டும்?

ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

மாவு வேண்டாம். தஸ்காவுக்கு (குழந்தைகள் காப்பகம்) போகும் பிள்ளைக்கு வருடத்தில் எட்டுத் தடவை சளி பிடித்தாலும் நான் பயப்படமாட்டேன். ஈரலில் சீழ் அப்படியல்ல. தாய்வழியில் ஓர் ஆண்பிள்ளையும் அதேபோல் போயிருப்பதால், முதலில் சந்தேகப்பட வேண்டியது க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், சுருக்கமாக சிஜிடி.

வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்பது கிருமியை விழுங்கும். விழுங்கியதைக் கொல்ல, ஆக்சிஜனிலிருந்து ஒரு நச்சைச் செய்ய வேண்டும். சிஜிடி பிள்ளைக்கு அதைச் செய்யும் என்சைம் வேலை செய்யாது. கிருமி உள்ளேயே உயிரோடு கிடக்கும், உடம்பு மேலும் மேலும் அணுக்களை அனுப்பும், மிஞ்சுவது சீழ். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை குறையாது என்பதால் 'ஓகே' என்று அனுப்பிவிடுவார்கள். பழுது எண்ணிக்கையில் இல்லையே!

இதைக் காட்டும் பரிசோதனைக்கு டிஎச்ஆர் என்று பெயர். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் நிபுணரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நியூட்ரோபில் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் ரத்தம் ஒரு நாளுக்குள் சிறப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்தது சனி, ஞாயிறு கிடந்தால் வீண். ஐஸிலும் வைக்கக்கூடாது. சொந்தமில்லாத, சுகமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து அதே பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். வழியில் கெட்டதா, பிள்ளையின் அணுவே பழுதா என்று பிரித்துச் சொல்வது அந்த இரண்டாவது டியூப்தான். அதற்கு உங்கள் மகளின் ரத்தம் ஆகாது. இந்த நோய் பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழி, அதாவது தாய் சுமந்து ஆண்பிள்ளைக்கு வருவது. அவர் அதைச் சுமப்பவரானால் அவருடைய அணுக்களிலும் ஒரு பகுதி வேலை செய்யாது. அவரைத் தனியாகப் பரிசோதிக்கட்டும். நீங்களோ மகளோ தின்றதாலோ செய்ததாலோ வந்ததல்ல இது, அம்மா.

அவசரம் பிறக்கப்போகும் குழந்தைக்கு. இங்கே மலேசியாவில் பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது பலம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. சிஜிடி உள்ள குழந்தைக்கு அது அக்குளில் சீழ்க்கட்டியாகலாம். சிலருக்கு உடம்பெங்கும் பரவும். நடுராத்திரியில் பிரசவமானால், விவரம் தெரியாத மிஸ்ஸி (தாதி) வழக்கம்போல் ஊசியைப் போட்டுவிடுவார். அதனால் இப்போதே நிபுணரிடம் பேசி, 'குழந்தையின் டிஎச்ஆர் முடிவு வரும்வரை பிசிஜி வேண்டாம்' என்று மகளின் கர்ப்பகால புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி உயிரில்லாதது. அதை நிறுத்த வேண்டாம்.

பேரனை மக்கும் செம்பனைக் குலைக் குவியல், சருகு, சேறு, ஆற்றுத் தண்ணீர் பக்கம் விடாதீர்கள். மக்கும் குப்பையின் பூஞ்சைத் தூள் இந்தப் பிள்ளைகளின் நுரையீரலைச் சில நாளிலேயே அடைத்துவிடும். நம் மண்ணிலும் நீரிலும் குரோமோபாக்டீரியம் என்று ஊதா நிறத்தில் வளரும் ஒரு கிருமியும் உண்டு. மனிதரிடம் அது முதலில் கண்டறியப்பட்டதே 1927இல் மலாயாவில்தான். சாதாரண ஆளை அது அபூர்வமாகவே தொடும். சிஜிடி பிள்ளையின் உயிரையே பறித்துவிடலாம்.

நோய் உறுதியானால் தினமும் பாக்டீரியாவுக்குக் கோட்ரைமாக்ஸசோல், பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கொடுப்பார்கள். முதல் மருந்துக்கு முன் பேரனின் கிளினிக் புத்தகத்தில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் என்சைம்) முடிவைக் காட்டுங்கள். அதில் குறை இருந்தால் அந்த மருந்தால் சிவப்பணுக்கள் உடையக்கூடும். அடியோடு தீர வழி எலும்பு மஜ்ஜை மாற்று.

தவறிப்போன உங்கள் மகனுக்கு எந்த மாதத்தில், உடம்பில் எங்கே கட்டி வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள் என்று நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நிபுணர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.